மார்கழிப் பாடம்: முதலில் பிள்ளையைத் தூங்க விடுங்கள்!

போன மார்கழி பிறந்து ஒன்பது பத்து நாள் இருக்கும். சாயங்காலக் கூட்டம் முடிந்து நான் கிளம்பப்போகிற நேரம். ஒரு தாய் தன் ஒன்பது வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"டாக்டரய்யா, ஒரு வாரமா இருமிக்கிட்டே இருக்கா. ராத்திரியில ரொம்பக் கூடுது. பகல்ல உட்கார்ந்த இடத்துலயே தூங்கி விழுதா. பசியும் இல்ல."

அந்தப் பெண் அம்மாவின் தோளில் சாய்ந்து அப்போதே கண்ணை மூடிவிட்டாள். விரல் இடுக்கில் காய்ந்த கோலமாவு. நாடி பார்த்தேன். ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டேன். மூச்சில் லேசான விசில் சத்தம்.

"காலையில எத்தனை மணிக்கு எந்திரிக்கா?"

"நாலரைக்கு."

"ராத்திரி படுக்கிறது?"

அந்த அம்மா சற்றுத் தயங்கினார். "பத்து... பத்தரை ஆயிடும்."

அதாவது ஆறு மணி நேரம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு!

'ஸ்கூலுக்கு அவ்வளவு சீக்கிரமா போகணுமா?' என்றுதான் முதலில் கேட்டேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. இந்தப் பிள்ளை பள்ளிக்கே போவதில்லை. 2020-ல் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது எல்.கே.ஜி.யில் இருந்தவள். பள்ளி திறந்த பிறகும் பெற்றோர் அனுப்பவில்லை. வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். அம்மா எம்.எஸ்ஸி. படித்தவர். பிள்ளை சூட்டிகையானவள் என்பது இரண்டு நிமிஷப் பேச்சிலேயே தெரிந்தது.

"மார்கழிக்குன்னு தனியா பிளான் போட்டிருக்கேன் டாக்டர்" என்று பையிலிருந்து ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்துக் காட்டினார். கலர் பென்சிலில் கட்டம் கட்டி அழகாக எழுதியிருந்தார். நாலரைக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் தலைக் குளியல். ஐந்துக்குக் கோலம். ஐந்தரைக்குப் பாசுரம் மனப்பாடம். ஆறுக்கு யோகா. அப்புறம் கணக்கு, ஆங்கிலம், காகிதப் பூ, களிமண் பொம்மை, பறவைப் படம், வீணை... எண்ணிப் பார்த்தேன். பதினான்கு அயிட்டம். கடைசி வரி: 'இரவு 9.30, வானம் பார்த்தல்.'

எனக்குக் கோபம் வரவில்லை. இப்படி உட்கார்ந்து எழுதுகிற தாய்க்குப் பிள்ளை மேல் எவ்வளவு ஆசை இருக்க வேண்டும்! அதோடு, கோபப்பட எனக்கு யோக்கியதையும் கிடையாது. இதே தப்பை நானும் செய்தவன்தான்.

நான் செய்த தப்பு

இருபத்தைந்து வருஷம் ஆகப்போகிறது. பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்து முடித்து, தொழில் ஓரளவு ஊன்றியிருந்த சமயம். பெரும்பொழுது ஆறு, சிறுபொழுது ஆறு என்று படித்ததெல்லாம் மனப்பாடம். வைகறையில் எழுவதன் மேன்மையைப் பற்றி ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுவேன். எட்டு வயது மகனை மார்கழி முதல் தேதியிலிருந்து நாலரைக்கு எழுப்பினேன். பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். மெல்லிய சட்டையோடு கோவிலுக்கு நடத்திக் கூட்டிப்போனேன். அவன் நடுங்கினான். "நாலு நாள்ல பழகிடும்" என்றேன்.

ஐந்தாம் நாள் நடுராத்திரி அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. விலா எலும்பு உள்ளே குழிகிறது. பேச வரவில்லை. நானும் மனைவியும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டியூட்டியில் இருந்த சின்ன வயது டாக்டர் நெபுலைசர் வைத்தார். "குடும்பத்துல யாருக்காவது வீசிங் உண்டா? பையனை எத்தனை மணிக்குக் குளிக்க வைக்கிறீங்க?" என்று கேட்டார். நானும் ஒரு வைத்தியன் என்று சொல்ல வாய் வரவில்லை.

காலையில் வீட்டுக்கு வந்ததும் என் அம்மா சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "நீ படிச்சதெல்லாம் பிள்ளை மூச்சுக்கு அப்புறந்தாம்லே."

வைகறையில் எழுவது நல்ல பழக்கம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் வைகறையில் எழுந்தவர்கள் விளக்கு வைத்துச் சாப்பிட்டு முடித்த கையோடு படுத்தவர்கள். நாம் எழுகிற நேரத்தை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு, படுக்கிற நேரத்தை டி.வி.யிடமும் செல்போனிடமும் கொடுத்துவிட்டோம். பாதிக் கணக்கு! ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம். தூக்கம் குறைந்தால் படித்தது மனதில் நிற்காது, எரிச்சல் வரும், பசி கெடும். பதினான்கு அயிட்டம் கற்றுக்கொடுத்து அத்தனையும் தங்காமல் போனால் யாருக்கு லாபம்?

மாசமே ஒரு பாடப் புத்தகம்

நான் சொல்ல வந்தது இதுதான். பருவத்தை ஒட்டிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க நினைப்பது அருமையான எண்ணம். ஆனால் பள்ளியின் டைம்டேபிளை வீட்டுக்குள் கொண்டுவந்து அதற்கு 'மார்கழி' என்று பெயர் வைப்பதால் பயனில்லை. அந்த மாசத்தில் நம் வாசலிலும் வயலிலும் அடுப்படியிலும் தானாக என்ன நடக்கிறதோ, அதைப் பிள்ளை கையால் தொட்டுப் பார்த்தால் போதும். ஒரு நாளைக்கு ஒன்று. கூடிப்போனால் இரண்டு. அதுவும் தூக்கத்தில் கை வைக்காமல்.

வீட்டிலேயே படிக்கிற பிள்ளைகள் நம் ஊரில் கொஞ்சம்தான். ஆனால் அரையாண்டு லீவில் எல்லாப் பிள்ளைகளும் வீட்டில்தானே இருக்கிறார்கள்? அந்த நாட்களையும் டியூஷனுக்கும் ஸ்பெஷல் கிளாஸுக்கும் கொடுக்காமல் இருந்தால், நான் கீழே சொல்வதில் பாதியையாவது யாரும் செய்யலாம்.

அன்றைக்கு அந்த அம்மாவிடம் சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கி, நோட்டில் கை வைத்தேன். முதலில் எழுதியது: 'இரவு 9 முதல் காலை 6 வரை தூக்கம்.' இரண்டாவது: 'குளியல் வெந்நீரில், வெயில் வந்த பிறகு.' மற்ற பதினான்கையும் அடித்துவிட்டு வாரத்துக்கு ஒரு தலைப்பு என்று எழுதிக்கொடுத்தேன். மார்கழி என்பது டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிவது. நான்கு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம்: நிழலும் பனியும்

ஒரு மீட்டர் நீளக் குச்சி ஒன்றை மொட்டை மாடியிலோ முற்றத்திலோ நேராக நிறுத்துங்கள். பகல் பன்னிரண்டு மணியிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் பிள்ளை சாக்பீஸால் புள்ளி வைக்கட்டும். அதில் எது மிகக் குட்டையான நிழலோ, அதுதான் அன்றைய உச்சிவேளை. டிசம்பர் 21, 22 தேதிகளில் திருநெல்வேலியில் அந்த நிழல் சுமார் 63 செ.மீ. இருக்கும். சென்னையில் சுமார் 74 செ.மீ. ஒரே நாள், ஒரே குச்சி. ஏன் இந்த வித்தியாசம்? சென்னையில் சித்தி வீடு இருந்தால் போன் போட்டுக் கேட்டு எழுதட்டும். பூமி உருண்டை என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, சித்தியிடம் கேட்டுக் கண்டுபிடிப்பது வேறு. பொங்கலன்று மறுபடி அளந்தால் நிழல் ஐந்து செ.மீ. போலக் குறைந்திருக்கும். சூரியன் வடக்கே நகர்கிறான் என்று பெரியவர்கள் சொல்வதைப் பிள்ளை ஸ்கேலில் பார்த்துவிடும்.

இன்னொரு வேடிக்கை. டிசம்பர் 21, 22-ல்தான் பகல் குறைவு. நம் பக்கம் சுமார் பதினொன்றரை மணி நேரம். ஆனால் சூரியன் மிகத் தாமதமாக உதிக்கிற நாள் அது கிடையாது! ஜனவரி கடைசி வாக்கில்தான் உதயம் மிகவும் தள்ளிப்போகும். தினசரிக் காலண்டரில் அச்சிட்டிருக்கும் உதய நேரத்தையும் அஸ்தமன நேரத்தையும் வாரத்துக்கு ஒரு நாள் பிள்ளை குறித்து வரட்டும். கண்டுபிடித்துவிட்டு உங்களிடம் ஓடி வருவாள்.

அடுத்தது பனி. ராத்திரி படுக்கும்போது ஒரு எவர்சில்வர் தட்டைத் திறந்த மாடியிலும் இன்னொன்றைத் தாழ்வாரத்துக் கூரைக்குக் கீழேயும் வைக்கச் சொல்லுங்கள். தெளிந்த வானமாக இருந்தால் காலையில் மாடித் தட்டு நனைந்திருக்கும். கூரைக்குக் கீழே இருந்தது அநேகமாகக் காய்ந்தே இருக்கும். பனி மழையைப் போல மேலிருந்து விழுவதில்லை. திறந்த வானத்தைப் பார்த்த பொருள் ராத்திரி சூட்டை இழந்து குளிர்ந்துபோகிறது. அதன் மேல் காற்றில் உள்ள ஈரம் படிகிறது. அவ்வளவுதான்.

'தலையில் பனி இறங்கிச் சளி பிடிச்சிட்டு' என்பார்கள் ஆச்சிகள். சளி, ஜலதோஷத்தை உண்டாக்குவது வைரஸ் கிருமி. ஆனால் ஆச்சி சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். மூச்சிழுப்பு உள்ள பிள்ளைக்குக் குளிர்காற்று பட்டாலே மூச்சுக்குழல் சுருங்கும். குல்லாயும் முழுக்கைச் சட்டையும் போடட்டும். கிருமிக்குச் சோப்புப் போட்டுக் கை கழுவுவதுதான் மருந்து.

மழை பெய்தால் அதுவும் பாடம்தான். நேர்ச்சுவர் உள்ள டப்பா ஒன்றைத் திறந்த இடத்தில் வைத்து, காலையில் ஸ்கேலை விட்டு அளக்கலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் பக்கம் பெய்த பேய்மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ.! தன் டப்பாவில் இரண்டு செ.மீ. தண்ணீரைப் பார்த்த பிள்ளைக்கு, 95 செ.மீ. என்றால் தன் மார்பு உயரத்துக்கு என்று புரியும். வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லுங்கள்.

இரண்டாம் வாரம்: கோலமும் நட்சத்திரமும்

கோலம் போட நாலரை மணிக்கு எழ வேண்டும் என்று சட்டமில்லை. ஏழு மணி வெயிலில் போட்டாலும் கோலம் கோலம்தான்! ஒன்று, மூன்று, ஐந்து, மூன்று, ஒன்று என்று புள்ளி வைத்தால் மொத்தம் 13. ஏழு வரை போனால் 25. ஒன்பது வரை போனால் 41. பதினொன்று வரை போனால் எவ்வளவு? எண்ணாமல் சொல்ல முடியுமா? 13-க்கும் 25-க்கும் வித்தியாசம் 12. அடுத்தது 16. அடுத்தது 20-ஆக இருக்குமோ? வைத்துப் பார்க்கட்டும். 61 வரும். அந்த முகத்தில் வருகிற சிரிப்புக்கு எந்த ஒர்க்புக்கும் ஈடாகாது. பையன்களையும் உட்கார வையுங்கள். புள்ளிக்கு ஆண், பெண் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. கடையில் விற்கிற கல்மாவும் கலர்பொடியும் பறக்கும். மூச்சிழுப்பு உள்ள பிள்ளைக்கு அது ஆகாது. பச்சரிசியை ஊறவைத்து அரைத்த மாக்கோலம் போடச் சொல்லுங்கள்.

வானம் பார்க்க ஒன்பதரை வரை காத்திருக்க வேண்டாம். மார்கழியில் ராத்திரி ஏழரைக்கே கிழக்கு வானம் தயாராக இருக்கும். உயரத்தில் கொத்தாகத் தெரிவது கார்த்திகை. அதற்குக் கீழே சற்றுச் சிவந்தது ரோகிணி. இன்னும் கீழே மூன்று நட்சத்திரம் ஒரே வரிசையாக நிற்கும். அதற்கு இடப்பக்கம் செம்மஞ்சளாக மின்னுவதுதான் திருவாதிரை. மார்கழிப் பௌர்ணமியன்று நிலா அந்தத் திருவாதிரையின் பக்கத்தில் வந்து நிற்கும். ஆருத்ரா தரிசனம் மார்கழியில் ஏன் வருகிறது என்பதை அன்றைக்கு மாடியிலேயே காட்டிவிடலாம். பார்த்துவிட்டு வந்து களி சாப்பிட்டுப் படுத்தால் ஒன்பது மணிக்குத் தூக்கம்!

மூன்றாம் வாரம்: அடுப்படியும் வயலும்

பனங்கிழங்கும் சிறுகிழங்கும் சந்தைக்கு வருகிற காலம் இது. பனங்கொட்டையைக் குவித்து மண்ணில் புதைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து தோண்டியெடுப்பது பனங்கிழங்கு. முடிந்தால் தோண்டுகிற இடத்துக்கே கூட்டிப்போங்கள். கொட்டையில் பாதி, முளையில் பாதி, மண்ணுக்குக் கீழே கிழங்கு. விதை முளைப்பதை இதைவிடப் பெரிதாகக் காட்ட முடியாது. அவித்து, நாரை உரித்து, மிளகும் உப்பும் சேர்த்துத் தின்னட்டும். நார்ச்சத்து நிறைய உண்டு. மலச்சிக்கலோடு என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு நான் விரும்பிச் சொல்கிற பண்டம்.

சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோல் எடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். கை மண்ணாகும். ஆகட்டுமே! பொங்கலுக்கு அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, நாலு பேருக்கு இது என்றால் ஏழு பேருக்கு எவ்வளவு என்று டம்ளரில் அளந்து பார்க்கட்டும். மிளகு, சீரகம், சுக்கு, ஓமம் நாலையும் கண்ணைக் கட்டிக்கொண்டு முகர்ந்து பெயர் சொல்கிற விளையாட்டு வைக்கலாம். தூதுவளைக் கொடியைக் காட்டி, முள் இலையில் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். முள்ளை நீக்கி வதக்கித் துவையலோ ரசமோ வாரத்தில் ஒரு நாள் வைத்தால் போதும். தினமும் கஷாயம் என்று பிள்ளை வாயைத் திறந்து ஊற்றாதீர்கள். மருந்தைச் சாப்பாடாக்கினால் பிள்ளைக்கு இரண்டுமே பிடிக்காமல் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூந்தன்குளத்துக்குப் போய்வரலாம். நாங்குநேரி தாலுகாவில் இருக்கிறது. குளத்தில் தண்ணீர் நின்றால் மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் பார்க்கலாம். இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிற வரித்தலை வாத்துகளும் அங்கே வருவதுண்டு. வீட்டு மரத்தில் கூடு கட்டின பறவையை விரட்டாத ஊர் அது. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு வேடந்தாங்கல் இருக்கிறது. படம் வரைந்தே ஆக வேண்டும், கட்டுரை எழுதியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள். பார்த்துவிட்டு வந்தால் போதும்.

நான்காம் வாரம்: சிறுவீடு

யோசித்துப் பாருங்கள். நம் தென்மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு மார்கழிக்கென்று ஒரு பாடத்திட்டம் ஏற்கெனவே இருந்தது. அதற்குப் பெயர் சிறுவீட்டுப் பொங்கல்!

மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாண உருண்டை பிடித்துப் பூசணிப் பூவோ பீர்க்கம் பூவோ வைப்பார்கள். அந்தப் பூவை அப்படியே சாணத்தோடு தட்டிக் காயவைத்துச் சேர்ப்பார்கள். தை பிறந்து ஒரு நாள், முற்றத்தில் மண்ணால் சின்ன வீடு கட்டிச் சிறுபிள்ளைகள் தாங்களே பொங்கலிடுவார்கள். சேர்த்து வைத்த பூத்தட்டுகளை ஆற்றில் கொண்டுபோய் விடுவார்கள். தினம் ஒரு தட்டு என்றால் எத்தனை சேர்ந்தது, எது முதலில் காய்ந்தது, வீட்டுக்கு எத்தனை அறை, அடுப்பு எந்தப் பக்கம், எவ்வளவு அரிசி... கணக்கு, கட்டடக் கலை, சமையல் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. யாரும் பரீட்சை வைக்கவில்லை. என் அக்காமார் கட்டின சிறுவீட்டுக்குள் எட்டிப் பார்த்து நான் அடி வாங்கியிருக்கிறேன்.

இப்போது அதை மறுபடி செய்யுங்கள். பெண்பிள்ளைக்கு மட்டும் என்று இல்லாமல் தம்பியும் சேர்ந்து மண் குழைக்கட்டும். சாணத்தைத் தொடுகிற கையில் வெட்டுக்காயம், சிராய்ப்பு இருக்கக் கூடாது. தொட்ட பிறகு சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். தடுப்பூசி அட்டையை எடுத்து, ரணஜன்னி ஊசி உரிய வயதில் போட்டாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடுகிற ஊசியைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

போகியன்று பழையதைக் கொளுத்துகிற ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 போகிப் புகையில் சென்னையில் விமானங்களே இறங்க முடியாமல் தடுமாறின. பிள்ளைகளின் நுரையீரல் என்ன பாடுபடும்? பழையதைக் குவித்து, தைத்துப் போடலாம், யாருக்காவது கொடுக்கலாம், காயலான் கடைக்குப் போடலாம் என்று மூன்றாகப் பிரிக்கிற வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். டயர், பிளாஸ்டிக் எதையும் கொளுத்த வேண்டாம்.

அம்மாக்களுக்கு மூன்று எச்சரிக்கை

பனிக்காலத்தில் சளி பிடித்தால் வீட்டில் நடக்கிற வைத்தியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று. கொதிக்கிற சட்டியின் மேல் பிள்ளையைக் குனியவைத்துப் போர்வை மூடி ஆவி பிடிக்கச் செய்யாதீர்கள். சட்டி சரிந்து வெந்துபோகிற பிள்ளைகள் உண்டு.

இரண்டு. கற்பூரத்தை எண்ணெயில் கரைத்துச் சின்னக் குழந்தையின் மூக்கிலோ நெஞ்சிலோ தடவாதீர்கள். வாய்க்குள் போனால் வலிப்பு வரும். கைக்கு எட்டுகிற இடத்திலேயே வைக்க வேண்டாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேனும் கூடாது.

மூன்று. டாக்டர் கொடுத்த இன்ஹேலரை, 'நாட்டு மருந்து கொடுக்கிறோமே' என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன். மூச்சு வாங்கும்போது விலா குழிந்தாலோ, பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

'பின்தங்கிடாதா?'

இவ்வளவும் கேட்டுவிட்டு அந்த அம்மா கடைசியில் கேட்ட கேள்வி இது. "மத்த பிள்ளைங்க எல்லாம் ஓடுதாங்க டாக்டர். இவ மட்டும் நிழலையும் கிழங்கையும் அளந்துகிட்டு இருந்தா பின்தங்கிட மாட்டாளா? சொந்தக்காரங்க வேற, ஸ்கூலுக்கு அனுப்பலைன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

அப்போதுதான் எனக்கு உண்மையான நோய் பிடிபட்டது. அந்தப் பதினான்கு அயிட்டமும் பிள்ளைக்காக எழுதியது இல்லை. கேட்கிற சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்ல எழுதியது. பள்ளிக்கு அனுப்புகிற பெற்றோரும் இப்படித்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்று கிளாஸ் போனால் நம் பிள்ளை நான்கு போக வேண்டும்!

"ஏம்மா, பரீட்சை எழுதணும்னா தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கு. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பதினாலு வயசு ஆகணும். இவளுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு. அதுக்குள்ள இந்த இருமல் நிக்கணும். அதை முதல்ல பாப்போம்" என்றேன்.

இன்னொன்றும் கேட்டேன். "நீங்க எத்தனை மணிக்கு எந்திரிக்கிறீங்க?"

"மூணே முக்காலுக்கு" என்றார். கண்ணுக்குக் கீழே கருவளையம். பிள்ளைக்குப் போட்ட பிளானில் தாய்க்கும் தூக்கம் இல்லை. இதைக் கணவர்மார்கள் கவனிக்க வேண்டும். நான் எழுதிக்கொடுத்த நான்கு வாரத்தில் நிழல் அளப்பதும் வானம் காட்டுவதும் அப்பாவின் வேலை. கிழங்கும் சிறுவீடும் ஆச்சி, தாத்தாவின் வேலை. எல்லாவற்றையும் ஒரே ஆள் தலையில் கட்டிவிட்டு, 'வீட்டிலேயே படிக்க வைக்கிறோம்' என்று பெருமை பேசுவது நியாயமில்லை.

அன்று மருந்து கொடுத்தேன். மூச்சில் சத்தம் இருந்ததால் குழந்தை மருத்துவரிடமும் உடனே காட்டச் சொல்லி அனுப்பினேன். காட்டியிருக்கிறார்கள். இன்ஹேலரும் கொடுத்திருக்கிறார்கள்.

தை பிறந்து ஒரு வாரம் கழித்து அந்தப் பிள்ளை வந்தாள். இருமல் அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண் தெளிவாக இருந்தது. ஒரு கட்டுப் பனங்கிழங்கை மேஜையில் வைத்தாள். "டாக்டர் மாமா, அறுபத்து மூணு இருந்த நிழல் அம்பத்தெட்டு ஆயிட்டு. நானே அளந்தேன்" என்றாள். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "ஒம்போது மணிக்கெல்லாம் தூங்கிடுதா... நானுந்தான்" என்றார்.

இந்த மார்கழிக்கு நீங்களும் நோட்டு எடுத்துவிட்டீர்களா? நல்லது. முதல் வரியில் 'இரவு ஒன்பது மணி, தூக்கம்' என்று எழுதுங்கள். மீதிப் பக்கத்தைக் காலியாக விடுங்கள். அதைப் பிள்ளை எழுதட்டும்.